தண்டையார்பேட்டைப் பட்டறையில் செய்வித்த டமாஸ்கஸ் கத்தி

தண்டையார்பேட்டையில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கமாகப் பிரியும் சந்துகளில் ஒன்றில், பெயர்ப் பலகை இல்லாத கொல்லன் பட்டறை ஒன்று இயங்குகிறது. அக்கம்பக்கத்தில் ‘கத்திப் பட்டறை’ என்று கேட்டால் கைகாட்டுவார்கள். காசிமேட்டுப் படகுகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களையும் மீன் வெட்டும் கத்திகளையும் நெடுங்காலமாக அடித்துக் கொடுத்த குடும்பம் அது. இப்போது பட்டறையை நடத்தும் மகன் அந்த வேலையைக் கைவிடவில்லை. அதனோடு கூட, இரண்டு வகை எஃகை அடுக்கி உலையில் ஒட்டி அலையலையாக வரி தெரியும்படி செய்யும், டமாஸ்கஸ் என்று இன்று அழைக்கப்படும் சமையலறைக் கத்திகளையும், அலகுக்கும் பிடிக்கும் இடையே வரும் பூண்களைச் செம்பையும் ஜெர்மன் சில்வரையும் (வெள்ளி கலவாத, செம்பு-நிக்கல்-துத்தநாகக் கலவை) அடுக்கி ஒட்டியும் சொல்லி வைப்பவர்களுக்குச் செய்து தருகிறார். அவரிடம் நான் செய்வித்துக்கொண்ட, 18 செ.மீ. அலகுள்ள கத்தியையும் அதன் பூணையும் பற்றியதே இந்த மதிப்புரை.

டமாஸ்கஸ் என்ற பெயரில் விற்கப்படும் கத்திகளில் நான் கையில் எடுத்துப் பார்த்தவற்றுள் இதுவே வாக்குத் தவறாத கத்தி. அழகில் இதை மிஞ்சும் கத்திகள் உண்டு. மெருகில் கட்டாயம் உண்டு. ஆனால் அலகின் மேல் தெரியும் வரி அலகின் உள்ளும் இருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு இந்தப் பட்டறை தரும் விடையைப் போலத் தெளிவான விடையை வேறெங்கும் நான் பெறவில்லை.

அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல, வரி எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1095 என்ற எண்ணால் குறிக்கப்படும் எஃகில் ஏறத்தாழ 0.95 விழுக்காடு கரி இருக்கிறது. 15என்20 என்பதில் கரி 0.75 விழுக்காட்டை ஒட்டியும், அதனோடு 2 விழுக்காடு அளவுக்கு நிக்கலும் இருக்கின்றன. இவ்விரண்டையும் தகடுகளாக வெட்டி, துருவும் எண்ணெயும் போகத் தேய்த்து, மாற்றி மாற்றி அடுக்கி, ஓரத்தில் வெல்டிங் வைத்துப் பிடிக்கச் செய்து, உலையில் ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசுக்குக் காய்ச்சுகிறார்கள். காயும்போதே மேலே வெங்காரத்தை (போராக்ஸ்) தூவுகிறார்கள். வெங்காரம் உருகி, இரும்பின் மேல் படரும் செதிலைக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொள்வதால், அடிக்கும்போது அழுக்கு வெளியே தெறித்து, சுத்தமான எஃகு சுத்தமான எஃகைத் தொடுகிறது. எஃகு உருகாமலேயே ஒன்றோடொன்று பிணைந்துகொள்வது அப்போதுதான். இந்தப் பட்டறையில் 13 தகடுகளில் தொடங்குகிறார்கள். நீட்டி, நான்காக வெட்டி அடுக்கினால் 52 அடுக்கு. மறுபடி நான்காக்கினால் 208 அடுக்கு. அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அங்கே நிறுத்துவது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். ஆயிரம் அடுக்கு, இரண்டாயிரம் அடுக்கு என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அடுக்கு பெருகப் பெருக வரி மெலிந்து, கடைசியில் கண்ணுக்குச் சாம்பல் நிறப் பூச்சாகத்தான் தெரியும். கூர்மைக்கும் அதனால் கூடுதல் பயன் கிடையாது. கடினமான எஃகும் மென்மையான எஃகும் அடுக்கடுக்காக இருப்பதால் கத்திக்கு இரண்டின் குணமும் வரும் என்று பரவலாகச் சொல்லப்படுவது, இந்த வகைக் கத்திக்குப் பொருந்தாது. ஒட்டும் வெப்பத்தில் கரி ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்கு மிக விரைவாகப் பரவிவிடுகிறது. சில முறை காய்ச்சி அடிப்பதற்குள் எல்லா அடுக்கிலும் கரியின் அளவு ஏறக்குறைய சமமாகிவிடும். நிக்கல் அப்படிப் பரவுவதில்லை. மிக மெதுவாக நகரும். அதனால்தான் அடுக்குகளின் வலிமை ஒன்றாகிப் போன பிறகும் அவற்றின் நிறம் தனித்தனியாக நிற்கிறது. இதை அந்தப் பட்டறைக்காரர் நான் கேட்காமலேயே சொன்னார்: “கூர் நல்லா இருக்கும்னா அது நல்ல எஃகு, நல்ல தோய்ச்சல், அதனாலதான் சார். வரிக்காக வாங்குறீங்கன்னா வரிக்காகன்னு தெரிஞ்சே வாங்குங்க.” விற்பவர் வாயிலிருந்து இந்தச் சொற்களைக் கேட்பது அரிது.

எஃகை அவர் தேர்ந்தெடுக்கும் விதமும் குறிப்பிடத்தக்கது. புதுத் தகடு கிடைக்காத காலங்களில் மர அறுவை ஆலைகளில் ஓடித் தேய்ந்த பட்டை ரம்பங்களை எடை போட்டு வாங்குகிறார். அவற்றுள் பலவற்றில் நிக்கல் கலப்பு உண்டு; சிலவற்றில் இல்லை. ஒவ்வொரு ரம்பத்திலிருந்தும் நகக்கண் அளவு துண்டு நறுக்கி, தேய்த்து, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டுப் பார்க்கிறார். வெள்ளையாக நிற்கும் ரம்பத்தை மட்டுமே கத்திக்கு எடுத்து வைக்கிறார். கறுத்துப் போனவை மீன் கத்திகளுக்குப் போகின்றன. மின்சுற்றுப் பலகைகளை அரிக்கப் பயன்படும் அதே கரைசல்தான் இது. நைனியப்ப நாயக்கன் தெருவின் ரசாயனக் கடைகளிலிருந்து வாங்கி வருகிறார்.

அடித்து, வடிவம் கொடுத்து, கடினப்படுத்தி, தேய்த்து முடித்த அலகு எந்த வரியும் இல்லாத வெறும் வெள்ளைத் தகடாகத்தான் இருக்கும். அதை நீர் கலந்த ஃபெரிக் குளோரைடில் தொங்கவிட்ட சற்று நேரத்தில் நிக்கல் இல்லாத அடுக்குகள் கறுத்து, இம்மியளவு தாழவும் செய்கின்றன. நிக்கல் அடுக்குகள் மின்னலோடு நிற்கின்றன. பிறகு சோடா உப்பு நீரில் முக்கி அமிலத்தை நிறுத்துகிறார்கள். வாங்குபவர் எதிரிலேயே இதைச் செய்வது இந்தப் பட்டறையின் வழக்கம். கத்தியை ஒப்படைக்கும் நாளில் தவறாமல் நேரில் போய்ப் பார்க்கும்படி எல்லோருக்கும் சொல்வேன். வெறுமையான எஃகிலிருந்து வரிகள் எழுந்து வருவதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, லேசரால் கோடு போட்ட போலிக் கத்தியை அடையாளம் காண்பது அதன் பின் எளிதாகிவிடும்.

அந்தப் போலிகளை எப்படிப் பிரித்தறிவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதலில் கத்தியின் முதுகைப் பார்க்க வேண்டும். அடுக்கி ஒட்டிய எஃகாக இருந்தால் பக்கத்தில் ஓடும் கோடுகள் முதுகின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும். முதுகில் நெருக்கமான இணைகோடுகள் தெரியும். போலியில் முதுகு வெறுமையாக இருக்கும், அல்லது அங்கேயும் அச்சடித்த கோடு பக்கத்துக் கோட்டோடு சேராமல் நிற்கும். இரண்டாவது சோதனை இன்னும் உறுதியானது: கைப்பிடியை ஒட்டிய இடத்தில் ஒரு விரல் அகலத்துக்கு உப்புத்தாளால் தேய்த்து வரியை அழித்து, அங்கே ஒரு துளி ஃபெரிக் குளோரைடு வைத்தால், உண்மையான அலகில் அதே வரி திரும்பி வரும். போலியில் வராது. என் கத்தியில் இதை நானே செய்து பார்த்தேன். வரி ஒரு கோடும் பிசகாமல் திரும்பியது.

பட்டறையில் மூன்று வகை வரிகள் செய்கிறார்கள். அடித்த அடிக்கு வந்தபடி விடுவது ஒன்று; அதில் நீரலை போன்ற ஒழுங்கற்ற வரி வரும். அடுக்குக் கட்டியின் குறுக்கே பள்ளம் வெட்டி, பின் அதைச் சமமாக அடித்துவிட்டால் ஏணிப் படிகள் போல வரி விழும். கட்டியைச் செக்கச் சிவக்கக் காய்ச்சிக் கயிறாக முறுக்கி, பிறகு தட்டையாக்கித் தேய்த்தால், உள்ளே புதைந்திருந்த முறுக்கு நட்சத்திரங்களாக வெளிப்படும். நான் ஏணியைக் கேட்டேன். படிகளின் இடைவெளி முனைப்பக்கம் நெருங்கியும் பிடிப்பக்கம் விலகியும் இருக்கிறது. அலகு நீளும்போது நேர்ந்த இந்த மாற்றத்தை அவர் திருத்த முயலவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

இனி, இந்த வகைக் கத்தியை விற்பவர்களில் பலர் செய்யும் ஒரு தவறை இந்தப் பட்டறை செய்யவில்லை என்பதைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். அடுக்கி ஒட்டிய எஃகைக் காட்டி, இதுவே பண்டைத் தமிழர் உலகுக்கு ஏற்றுமதி செய்த வூட்ஸ் எஃகு என்று விற்கும் வழக்கம் பெருகிவிட்டது. இரண்டும் வேறு வேறு பொருள்கள். வூட்ஸ் என்பது மண்குகையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில் உருக்கி, மெதுவாக ஆறவிட்டு எடுத்த கட்டி, கரி 1.2 முதல் 1.8 விழுக்காடு வரை உள்ள எஃகு. அதன் அலையை உண்டாக்குவது ஒட்டிய அடுக்குகள் அல்ல. எஃகு ஆறி உறைந்து, பின் பதமான வெப்பத்தில் திரும்பத் திரும்ப அடிபடும்போது அதற்குள்ளேயே வரிசை கட்டும் இரும்புக் கார்பைடு துகள்கள். தாதுவிலிருந்து வந்த மிக நுண்ணிய அளவு வனேடியம் போன்ற தனிமங்களே அந்த வரிசையைத் தூண்டுகின்றன என்பதை வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் சேர்ந்து 1990களில் செய்த ஆய்வுகள் காட்டின. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த உலைகளும், பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவலூரில் தொல்லுலோக ஆய்வாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்த உருக்குக் குகைத் துண்டுகளும் நம் நிலத்தில் இந்தத் தொழில் நடந்ததற்குச் சான்றுகள். 1795ஆம் ஆண்டிலேயே லண்டன் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர் மைக்கேல் ஃபாரடே, ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞரோடு சேர்ந்து, இதைப் போலச் செய்ய எஃகில் பல உலோகங்களைக் கலந்து பார்த்தார். இவ்வளவு பெரிய வரலாற்றைக் கத்தியின் விலையைக் கூட்டும் சரடாகப் பயன்படுத்துவது அந்த வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. “அது உருக்குறது, இது ஒட்டுறது, நான் ஒட்டுறவன் சார்” என்று பட்டறைக்காரர் சொன்னபோது, அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது.

இன்று உலகெங்கும் செய்யப்படும் இந்த அடுக்கெஃகுக் கத்திகளின் மறுமலர்ச்சிக்குப் பெரிதும் காரணமானவர் என்று அமெரிக்கக் கத்திக் கொல்லர் வில்லியம் மோரானைச் சொல்வார்கள். 1973ஆம் ஆண்டு அவர் தம் கத்திகளைக் காட்சிக்கு வைத்த பிறகே இந்த முறை மீண்டும் பரவத் தொடங்கியது. நம் ஊரில் இது கற்றுக்கொண்ட கலைதான். அதில் குறையொன்றும் இல்லை.

கத்தியின் பயன்பாட்டுக்கு வருகிறேன். எஃகு சிவந்து, காந்தம் ஒட்டாத நிலையையும் சற்றுக் கடந்த வெப்பத்துக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்த பின், 200 பாகையை ஒட்டிய சூட்டில் மெதுவாக வாட்டி நொறுங்கும் தன்மையைக் குறைத்திருக்கிறார்கள். கூர் நன்றாக வந்திருக்கிறது. நன்றாக நிற்கவும் செய்கிறது. முதுகுத் தடிமன் பிடியருகே 2.5 மி.மீ. அளவிலும், கூர்முனை வரையில் சீராக மெலிந்தும் இருப்பதால், சின்ன வெங்காயத்தைத் தாள் போல நறுக்கலாம். கேரட்டைப் பிளக்காமல் வெட்டலாம். வஞ்சிரத்தைத் துண்டு போடும்போது சதையில் தடையே இல்லை. நடுமுள்ளை இதனால் வெட்டக் கூடாது. இவ்வளவு கடினமாக்கிய, இவ்வளவு மெல்லிய கூர் எலும்பில் பட்டால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். தலையையும் முள்ளையும் காசிமேட்டிலேயே வெட்டி வாங்கிவிடுவது நல்லது. அதற்கென்றே கனத்த கத்திகளோடு அங்கே ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இது துருப்பிடிக்காத எஃகு அல்ல என்பதை வாங்குபவர் மனத்தில் நிறுத்த வேண்டும். புளி, எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் எல்லாமே அலகின் நிறத்தை மாற்றும். நீலமும் பழுப்பும் கலந்த ஒரு சாயை படியும். அது கெடுதலன்று, அலகைக் காக்கவும் செய்யும். ஆனால் கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் வீடுகளில், இரவு கழுவாமல் தொட்டியில் போட்ட கத்தியில் காலையில் செம்புள்ளி தெரியும். வெட்டி முடித்த உடனே கழுவி, துணியால் ஒற்றி, மெல்ல எண்ணெய் தடவி வைக்க மனமில்லாதவர்களுக்கு இந்தக் கத்தி வேண்டாம். அவர்களுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் கத்தியே ஏற்றது.

பூணைப் பற்றி அதிகம் சொல்ல ஆசை. அலகுக்கும் தோதகத்தி மரப் பிடிக்கும் இடையே, செம்பும் ஜெர்மன் சில்வரும் மரத்தின் ரேகை போல ஓடும் ஒரு துண்டு அது. 17ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் அகிதாவில் வாழ்ந்த ஷோஆமி டென்பெய் என்ற கைவினைஞர் வாள் உறுப்புகளுக்காக உருவாக்கியதாகக் கூறப்படும் மொகுமே கானே என்ற முறையில் இது செய்யப்பட்டது. எஃகை ஒட்டுவதைப் போல இதில் அடிப்பதில்லை. தகடுகளைக் கண்ணாடி போலத் துலக்கி அடுக்கி, தடித்த இரும்புப் பலகைகளுக்கு இடையே திருகாணி போட்டு இறுக்கி, கரித்தூள் நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, உலோகம் உருகும் வெப்பத்துக்குக் கீழேயே நெடுநேரம் காய்ச்சுகிறார்கள். ஒரு தகட்டின் அணுக்கள் அடுத்த தகட்டுக்குள் ஊடுருவிப் பிணைந்துவிடுகின்றன. இடையில் ஒட்டுவதற்கென்று வேறு பொருள் எதுவும் கிடையாது. பிறகு கட்டியில் அங்கங்கே குடைந்து, அடித்துச் சமமாக்கினால் உள்ளடுக்குகள் வளையம் வளையமாக மேலே வருகின்றன.

வெள்ளியும் செம்பும் சேர்த்தும் செய்து தருகிறார்கள். அதில் உள்ள ஆபத்தைப் பட்டறையின் மூலையில் கிடந்த ஒரு கட்டி எனக்குக் காட்டியது. வெள்ளி 962 பாகையில் உருகும். செம்பு 1,085 பாகையில் உருகும். ஆனால் இரண்டும் தொடும் இடத்தில், அவை கலந்த கலவை 779 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். அந்த எல்லையைச் சற்றே தாண்டியதால் ஓரங்கள் எல்லாம் வழிந்து, அடுக்கே இல்லாமல் ஒன்றாகிப் போன கட்டி அது. வெள்ளிக்கு அவர் தனி விலை கேட்பதன் நியாயம் அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

நம்மிடம் பல உலோகங்களைச் சேர்த்துச் செய்யும் மரபு இல்லாமல் இல்லை. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியும் செம்புமாக உருவங்களைப் பதிக்கும் தஞ்சாவூர்க் கலைத்தட்டு புவிசார் குறியீடு பெற்ற கலை. அங்கே ஓர் உலோகத்தின் மேல் இன்னோர் உலோகம் அணியாக அமர்கிறது. இங்கே அணியும் உடலும் ஒன்று. தேய்ந்தாலும் வரி போகாது. வேறொரு வரியாக மாறும். இந்தப் பட்டறையின் தனிச் சிறப்பு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அலகைவிட இந்தப் பூணைத்தான் சொல்வேன்.

குறைகளும் உண்டு, அவற்றைச் சொல்லாமல் விட்டால் இது மதிப்புரை ஆகாது. பூணும் அலகும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது. சாதாரணக் கத்தியில் அது சிறு குறை. இங்கே பெரிய குறை. ஈரம் தங்கும் இடத்தில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால், செம்பு நன்றாக இருக்க இரும்பு மட்டும் விரைந்து அரிக்கப்படும். இடைவெளியில் துரு கசியத் தொடங்கியதும் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். மறுபேச்சில்லாமல் பிரித்து, சுத்தம் செய்து, எபாக்சிப் பசை வைத்து அடைத்து, காசு வாங்காமல் தந்தார்கள். அதன் பிறகு துரு இல்லை. இருந்தாலும், ஒப்படைக்கும் முன்பே அடைத்துக் கொடுத்திருக்க வேண்டிய இடம் அது.

பிடி சற்றுத் தடிமன். பெரிய கை உள்ளவருக்குப் பொருந்தும். என் வீட்டில் சமைக்கும் மற்றவர்களுக்குப் பொருந்தவில்லை. கை அளவு பார்த்துச் செய்வதாக அவர்கள் சொல்வதில்லை. ஆனால் கேட்டால் செய்வார்கள் என்று பிறகு தெரிந்தது. கத்தியைச் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுத்தார்கள். இவ்வளவு உழைத்த பொருளுக்கு ஒரு தோல் உறையோ மர உறையோ, பராமரிப்பு முறையை எழுதிய ஒரு துண்டுத்தாளோ கொடுப்பது கடினமான காரியமில்லை.

தாமதத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முன் தருவதாகச் சொன்ன கத்தி பொங்கல் கழித்துத்தான் வந்தது. மழைக்காலத்தில் உலையைத் தொடர்ந்து எரிக்க முடியவில்லை என்பதும், படகுக்காரர்களின் வேலை முன்னால் நின்றது என்பதும் உண்மையான காரணங்களே. அவற்றை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பரிசாகக் கொடுக்க நினைப்பவர்கள் தாங்கள் நினைக்கும் தேதிக்கு வெகு முன்பாகவே சொல்லி வைப்பது நல்லது.

அலகும் பிடியும் சேர்த்து 7,500 ரூபாய். செம்பு, ஜெர்மன் சில்வர் பூணுக்கு மேலும் 2,000 ரூபாய் கொடுத்தேன். வெள்ளிப் பூணுக்கு அன்றைய வெள்ளி விலையோடு கூலி சேரும். பாதித் தொகை முன்பணம். சாதாரணக் கத்தியோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான். ஓர் அலகுக்குப் பின்னால் இருக்கும் உலை நேரத்தையும், ஒட்டாமல் பிளந்து வீணாகும் கட்டிகளையும் கணக்கில் எடுத்தால் மிகையான தொகையல்ல.

சொல்லி வைக்கப் போகிறவர்கள் எந்த வரி வேண்டும் என்பதை முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏணிக்குப் பள்ளம் வெட்டுவதும் முறுக்குவதும் கட்டி தடிமனாக இருக்கும்போதே நடக்க வேண்டியவை. அலகாக மெலிந்த பிறகு மாற்ற இயலாது. பிடியின் சுற்றளவைத் தாங்கள் இப்போது பழகும் கத்தியைக் கொண்டுபோய்க் காட்டிச் சொல்ல வேண்டும். பூண் சேர்த்து வாங்கினால், சந்திப்பை எபாக்சியால் அடைத்துத் தரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். நாளடைவில் வரி மங்கினால் திரும்பக் கொண்டுபோய் அமிலத்தில் தோய்த்து வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் சாணை பிடிப்பதற்கும் சேர்த்து 300 ரூபாய் கேட்கிறார்கள், ஞாயிறு தவிர எந்த நாள் மாலையிலும் செய்து தருகிறார்கள்.